விரலுறைக் குழல்

தையல் தைப்போர் ஊசி குத்தாதவாறு விரல் நுனியில் இட்டுக்கொள்ளும் சிற்றுறையை மாணவர் கண்டிருப்பர். இத்தாலிய மொழியில் அதற்குத் 'திதாலே' என்று பெயர். விரலைக் குறிக்கும் 'தீத்தோ' என்னும் சொல்லின் வழிவந்தது அது. அவ்வுறையைப் போன்ற சிறு மாவுக்குழலை அந்நாட்டார் 'திதாலினி', அஃதாவது 'சின்னஞ்சிறு விரலுறைகள்' என வழங்குகின்றனர். அரண்மனையை நோக்காது தையற்பெட்டியை நோக்கிப் பெயரிட்ட அவர்தம் எளிமை நம் உள்ளத்தைக் கவர்கின்றது.

பாஸ்தா எனப்படும் மாவுணவு வகைகளுள் இதுவும் ஒன்று. துரம் என்னும் கடிய கோதுமையின் ரவையை நீர்விட்டுப் பிசைந்து, துளையிட்ட அச்சின் வழியே பிழிந்து, துண்டுகளாக நறுக்கி உலர்த்துவர். வெண்கல அச்சிற் பிழிந்த குழல் சொரசொரப்பாய் இருக்கும். ஆதலின் குழம்பு அதன்மேல் நன்கு பற்றும். நேப்பிள்ஸ் நகரை அடுத்த கிரஞானோ என்னும் ஊர் இத்தொழிலிற் பெயர்பெற்றது. மலைக்காற்றும் கடற்காற்றும் கலந்து வீசும் அவ்வூர்த் தெருக்களில், 19ஆம் நூற்றாண்டில், நீண்ட மாவிழைகளைக் கழிகளில் தொங்கவிட்டு உலர்த்தினர். இன்று அவ்வேலையை வெப்ப அறைகள் செய்கின்றன.

நீண்ட இழைகளை உண்ண முள்கரண்டி வேண்டும். திதாலினிக்கோ சாதாரணக் கரண்டியே போதும். பயறும் குழலும் சாறும் ஒரே வாயில் அடங்க வேண்டும் என்பதே இவ்வடிவின் கருத்து. பயற்றை 'ஏழையரின் இறைச்சி' என்பது இத்தாலிய வழக்கு. இறைச்சி வாங்க இயலாத குடும்பத்தார் பயற்றுடன் ஒரு பிடி குழலைச் சேர்த்துப் பலர் வயிற்றையும் நிரப்பினர். கோதுமைப் புரதத்திற் குறைவாயுள்ள லைசின் என்னும் கூற்றைப் பயறு ஈடுசெய்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டது. அக்குடும்பத்துத் தாய்மாரோ அதன் பயனை முன்னரே கைக்கொண்டிருந்தனர்!

அதனைச் சமைக்கும் முறை வருமாறு: இரவில் ஊறவைத்த பயற்றை வேகவைத்து, ஒரு பகுதியை மசித்துக்கொள்வர். வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஆகியவற்றை ஒலிவ எண்ணெயில் வதக்கிப் பயற்றோடு சேர்ப்பர். சாறு கொதிக்கும்போது இறுதியிலேயே குழலை இடுவர். குழலின் மாச்சத்து கரைந்து சாறு தடிக்கும். கொண்டைக்கடலையுடனும், உருளைக்கிழங்குடனும், 'மினெஸ்த்ரோனே' என்னும் காய்கறிச் சாற்றிலும் இதனைச் சேர்ப்பதுண்டு.

ஒன்றை மறத்தலாகாது. குழல் அடுப்பிலிருந்து இறங்கிய பின்னும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாட் காலையிற் பானையில் சாறு இராது, களியே இருக்கும். ஆதலின் மறுநாளைக்கும் வைத்துண்ண விரும்புவோர் குழலைத் தனியே வேகவைத்து, உண்ணும் வேளையிற் கலந்துகொள்வர்.