ஒரு சுற்றுக்கு 0.152 வினாடி

வேகம், தொலைவு, காலம் கணக்குகளில் ரயில்களும் பேருந்துகளும் ஓடி ஓடி மாணவர்களுக்குச் சலித்துவிட்டன. ஒருமுறை ஒரு சைக்கிள் வீரரை ஓடவிட்டுப் பாருங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இரண்டு பாடவேளை போதும்.

வீரர், ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரீ. ஓடுதள மிதிவண்டிப் போட்டிகளில் 'ஒரு மணி நேரச் சாதனை' என்று ஒன்று உண்டு. எதிராளி கிடையாது, தனியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு கடக்கிறார் என்பதே கணக்கு. 1984-இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கி.மீ. கடந்தார். அவர் தேர்ந்த இடம், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள மெக்சிகோ நகரம். ஏன் அங்கே போனார் என்று வகுப்பில் கேளுங்கள். "காற்றின் அடர்த்தி குறைவு" என்று யாராவது சொல்வார்கள். "அப்படியானால் மூச்சு வாங்குமே?" என்ற கேள்வியும் வரட்டும். இரண்டும் சரி. ஆனால், காற்றுத்தடை குறைவதால் கிடைக்கும் லாபமே பெரிது.

ஒப்ரீ உயரத்தைத் தேடிப் போகவில்லை. உட்காரும் விதத்தை மாற்றினார். கைகளை மடக்கி மார்புக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். அதற்கேற்ற சைக்கிளையும் தானே செய்தார். பெடல்களை நெருக்கமாக அமைக்க வாஷிங் மெஷின் பேரிங்கைப் பயன்படுத்தினார். அட்டை ஒன்றை அகலவாக்கிலும், பிறகு விளிம்புவாக்கிலும் பிடித்தபடி மாணவர்களை மைதானத்தில் ஓடச் சொன்னால், அவர் செய்தது என்ன என்பது கைக்கே புரியும்.

1993 ஜூலை 16. நார்வேயின் ஹாமர் நகரில் உள்ளரங்க ஓடுதளம். ஒரு மணி நேரம் மிதித்தும் சாதனை கிட்டவில்லை. மறுநாள் காலையே மீண்டும் முயல முடிவு செய்தார். அத்தனை உழைப்புக்குப் பின் தூங்கி எழுந்தால் கால்கள் இறுகிவிடும். அதனால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். கழிப்பறைக்கு எழுந்தபோதெல்லாம் தசைகளை நீட்டி மடக்கித் தளர்த்தினார். காலையில் கிடைத்தது 51.596 கி.மீ.

இனி கரும்பலகை. தளத்தின் ஒரு சுற்று 250 மீட்டர். ஒப்ரீக்குச் சுற்றுக்கு 17.443 வினாடி. மோசரின் தொலைவை இதே தளத்தில் கடக்கச் சுற்றுக்கு 17.595 வினாடி ஆகும். வித்தியாசம் 0.152. (17.443, 17.595 என்ற எண்களையே மீண்டும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிவிட்டுக் கழிக்கும் மாணவருக்கு 0.16 வரும். எப்போது முழுமையாக்க வேண்டும் என்று சொல்லித்தர இதைவிட நல்ல இடம் இல்லை.) கையை விட்ட அளவுகோல் அந்நேரத்தில் சுமார் 11 செ.மீ.தான் விழும். அதற்குள் பிடிக்க முடிகிறதா என்று சோதிக்கட்டும்.

ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் 52.270 கி.மீ. கடந்து அந்தச் சாதனையை முறியடித்தார். 1994 ஏப்ரலில் ஒப்ரீ 52.713 கி.மீ. கடந்து அதை மீட்டார். அதே ஆண்டு அவரது அமர்வு முறையைச் சர்வதேச மிதிவண்டிச் சங்கம் தடை செய்தது. அவர் கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கும் புதிய முறையைக் கண்டுபிடித்து, 1995-இல் உலகச் சாம்பியன் ஆனார். பின்னர் அதற்கும் தடை வந்தது.

தடை நியாயமா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள். பந்தயம் மனிதர்களுக்கு இடையேதான், கருவிகளுக்கு இடையே அல்ல என்போரின் வாதம் எளிதில் தோற்காது. எனக்கு ஒப்ரீ பக்கம்தான் சாய்வு. ஆனால் அதை வாதம் முடியும்வரை மாணவர்களிடம் சொல்வதில்லை.