முட்டை வெளிவந்ததை அறிவது எப்படி?

மாணவர்களே! கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் மீனையும் முட்டையிடச் செய்யும் என்பதை அறிவீர்களா?

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில், 2010 மார்ச் 11 பகல் 1 மணிக்கு, ஒரு பெண் கடல் விரால் மீனுக்கு இந்த ஊசி போடப்பட்டது. வயிற்றிலுள்ள முட்டைகள் சுமார் 0.7 மி.மீ. அளவுக்கு வளர்ந்திருந்தன. 13ஆம் தேதி விடியற்காலை 4.30க்கு, அதாவது 39½ மணி நேரம் கழித்து, சுமார் 21 இலட்சம் முட்டைகள் வெளிவந்தன. தொட்டி நீரில் அவற்றைக் கண்ணாலேயே காணலாம்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் பெண்களுக்கும் இதே ஊசி போடுவதுண்டு. சுமார் 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அதை மீயொலிக் கருவியில் காண முடியுமா? உடலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர். அதை அதிர்வெண்ணாகிய 75 இலட்சத்தால் வகுத்தால் அலைநீளம் சுமார் 0.2 மி.மீ. முட்டையோ 0.1 மி.மீ.தான்! அலைநீளத்தைவிடச் சிறிய பொருள் தெளிவாகத் தெரியாது. ஆகவே, முட்டையைச் சுமந்திருந்த சுமார் 20 மி.மீ. நீர்ப்பை சுருங்கிவிட்டதா என்று மருத்துவர் பார்க்கிறார். ஒரு வாரம் கழித்து, இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்துள்ளதா என்றும் சோதிக்கலாம்.

கர்ப்பச் சோதனையும் எச்.சி.ஜி.யையே தேடுகிறது. எனவே ஊசி போட்ட சில நாட்களில் சோதித்தால், கர்ப்பம் இல்லாதபோதும் 'உண்டு' என்று காட்டிவிடக்கூடும். எதை அளக்கிறோம் என்பதை அறிந்த பின்பே முடிவு சொல்ல வேண்டும்.