சேர்வராயன் மலை

நிலத்திற்கு வளம் தருவது மழை. அம்மழைநீரைத் தன் மடியில் ஏந்தி ஆறாக அளிப்பது மலை. மலையின் அழகைக் கண்டு மகிழ்வார் பலர். அதன் பயனை எண்ணிப் போற்றுவார் சிலரே. அழகு, பயன் என்னும் இரண்டும் ஒருங்கே அமைந்தது சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த இஃது ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரமுடையது. சேலம் நகரிலிருந்து 30 கிலோமீட்டர் அளவில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால் மலைமேல் உள்ள ஏற்காட்டை அடையலாம். அடிவாரத்தில் மூங்கிற் புதர்கள் தோன்றும். மேலே செல்லச் செல்ல வெம்மை தணிந்து காற்றில் ஈரம் மிகும். ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடிகள் படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் தழைத்திருக்கும். ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் ஏரிக்காடு எனப் பெயர் பெற்று, அதுவே ஏற்காடு என மருவிற்று என்பர்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் பேசும் மொழி தமிழே. அவர்களிடையே ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டனர். மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர். அவர்தம் வழியினரே இன்றைய மலைமக்கள் என்பது அக்கதை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை விளைத்து, சேர்வராயனைத் தெய்வமாக வணங்கி அவர்கள் வாழ்ந்து வந்தனர்.

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். அவர் இம்மலையில் காப்பியையும் ஆப்பிள், பேரி முதலிய கனிமரங்களையும் பயிரிடச் செய்தார். கிரேஞ்சு என்னும் தோட்ட மாளிகையையும் எழுப்பினார். நீலகிரியில் உதகையும், இமயச் சாரலில் சிம்லாவும் மசூரியும் ஐரோப்பியர் உறைவிடங்களாக வளரத் தொடங்கிய காலமும் அதுவே. பிற்காலத்தில் சிம்லா இந்திய அரசுக்கும், உதகை சென்னை மாகாண அரசுக்கும் கோடைத் தலைநகரங்கள் ஆயின; மலை இரயிலும் அவ்விடங்களுக்கு வந்தது. ஏற்காட்டிற்கோ அரசவையும் வரவில்லை; இரயிலும் வரவில்லை. தோட்டங்களும், 1853-இல் எழுந்த தூய திரித்துவ ஆலயமும், 1917-இல் நிறுவப்பட்ட மான்ட்போர்ட் பள்ளியும் போன்றவையே வந்தன. ஆதலின் அஃது அமைதி குலையாத சிற்றூராகவே நெடுங்காலம் இருந்தது.

ஆயினும் அவ்வமைதிக்கு விலை கொடுத்தோர் உண்டு. தோட்டங்கள் பெருகியபோது மலைமக்கள் தம் விருப்பம்போல் உழுது வந்த நிலம் சுருங்கியது. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்திற்குப் பின், காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் பழைய முறையும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. தம் மலையிலேயே பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைப்பது பலருக்குப் பிழைப்பாயிற்று. ஏரியையும், சேலம் நகரின் விளக்கொளியைக் காட்டும் லேடீஸ் சீட் முகட்டையும் மட்டும் கண்டு திரும்புவோர் இவ்வரலாற்றை அறியார். ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த நாகலூர் போன்ற மலையூர்களுக்குச் செல்வோரே காப்பித் தோட்டங்களுக்கு இடையே இன்றும் நிகழும் உழைப்பு வாழ்வை உணர்வர்.

காப்பிச் செடி கடுவெயில் தாங்காது. கோடை மழை பெய்தவுடன் மல்லிகைபோல் வெண்ணிறமாகப் பூத்து மணம் வீசும். கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் பழங்கள் சிவக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பறித்து, தோல் நீக்கி, நொதிக்கவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்துவர். இச்செடிக்கு நிழல் வேண்டியிருத்தலின் தோட்டத்தில் பெருமரங்களும் நிற்றல் வேண்டும். அம்மரங்களின் சருகு மண்ணைப் போர்த்தும். வேர் மண்ணைப் பிணிக்கும். மழைநீர் விரைந்தோடாமல் நிலத்துள் இறங்கிச் சுனையாகச் சுரக்கும். மரங்களை வீழ்த்திவிட்டால் மண் அரிக்கப்படும், சுனைகளும் வற்றும். முதலில் வருந்துவோர் சுனைநீரை நம்பி வாழும் மலையூர் மக்களே.

அவ்வருத்தம் மலையோடு நில்லாது. சேலம் நகரினூடே செல்லும் திருமணிமுத்தாறும், மேற்கே ஓடும் சரபங்கா ஆறும் இம்மலைத்தொடரில் தோன்றிக் காவிரியில் கலப்பவை. மலையுச்சியில் குகைக்கோயில் ஒன்று உண்டு. அங்கே சேர்வராயனும் காவிரியம்மனும் ஒருங்கே வீற்றிருக்கின்றனர். ஆண்டுதோறும் வைகாசியை ஒட்டி நிகழும் விழாவில் மலைமக்கள் திரண்டு வழிபடுவர். மலையையும் ஆற்றையும் ஒரே கருவறையில் வைத்து வணங்கிய அம்முன்னோர், மலையின்றி ஆறில்லை என்னும் உண்மையைத் தம் வழிபாட்டினால் உணர்த்திச் சென்றனர்.

இன்று கோடை விழாக் காலத்தில் ஊர்திகள் வரிசையாக மலையேறுகின்றன. வருவோர் கொண்டுவரும் நெகிழிப் பைகளும் குப்பிகளும் ஓடைகளில் தேங்குகின்றன. மரம் நின்ற சரிவுகளில் விடுதிகள் எழுகின்றன. மலைக்குச் செல்லுதல் பிழையன்று. விருந்தினராய்ச் சென்றோர் விருந்தளிப்பவர் இல்லத்தைப் பழுதாக்காது திரும்புதலே பண்பு. சேர்வராயன் மலையின் மரநிழலைக் காப்போர் மலைமக்களின் சுனையைக் காக்கின்றனர். சமவெளியில் வாழும் உழவரின் வயலையும் உடன் காக்கின்றனர்.