கிணற்று மோட்டார் கிளம்பாதபோது

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருவள்ளூர்ச் சாலையில் அமைந்துள்ள திருமழிசையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வீட்டுக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. காலையில் மோட்டார் ஓடாவிடின் சமையல் மட்டுமா தடைப்படுகிறது? நூலுக்குச் சாயமிடுவதும் கீரைப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதும் நின்றுவிடுகின்றன. அந்த அவசரத்தில் நம்மில் பலர் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். சிறு பழுதைப் பெருஞ்செலவாக்குவது இப்பழக்கமே. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

வீட்டு மோட்டார்கள் பெரும்பாலும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் இயங்குவன. ஒருமுனை மின்சாரம், ஓடுகின்ற மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டும். நின்றிருப்பதைத் தானே கிளப்பாது. ஆகவே துணைக் காயில் ஒன்றையும் கண்டென்சரையும் சேர்த்துள்ளனர். இவை இரண்டும் கூடியே மோட்டாரைச் சுழலத் தூண்டுகின்றன. சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான மின்சாரத்தை இழுக்கும். விசிறியும் சுற்றாமையால் சூடு தணியாது. சிறிது நேரத்தில் காயில் கருகிவிடும்.

எனவே சுவிட்சை ஒரு முறை போட்டதும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அறிகுறிகள் மூன்று.

முதலாவது, ஓசையே இல்லாமை. மின்சாரம் மோட்டாரை அடையவில்லை என்பது இதன் பொருள். வீட்டு விளக்கு எரிகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டரின் பாதுகாப்புப் பொத்தான் விடுபட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியினுள் எறும்பு புகுந்து தொடர்பைத் தடுப்பதும் உண்டு. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் எப்பெட்டியையும் திறக்கலாகாது.

இரண்டாவது, உறுமல் மட்டும் கேட்பது. உடனே நிறுத்துக. மெயினையும் நிறுத்தியபின், தரைமேல் உள்ள மோட்டாராயின் அதன் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுற்ற மறுத்தால் துருவோ மணலோ பேரிங் பழுதோ பம்பைப் பிடித்திருக்கிறது. எளிதாகச் சுற்றினால் கண்டென்சரை ஐயுறலாம். மின்னழுத்தக் குறைவும் காரணமாகலாம்: 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், கிளப்பும் வலிமை நூற்றுக்கு 61 பங்காகத் தாழ்ந்துவிடும். மும்முனை மின்சாரம் பெறும் தோட்டங்களில் ஒரு முனை அறுந்தாலும் இவ்வுறுமலே கேட்கும்.

மூன்றாவது, சுவிட்சைப் போட்டதும் பியூஸ் எரிவது. காயில் கருகியோ ஈரம் கசிந்தோ இருக்கும். தடித்த கம்பியைப் பியூசாகக் கட்டுவது உயிருக்கே கேடு. 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற காலத்தில் நீரில் மூழ்கிய மோட்டாரை, உலர்த்திச் சோதிக்காமல் ஓட்டலாகாது.

ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாருக்கும் ஒரு சொல். தரைமேல் நிற்கும் பம்பு நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். செம்பரம்பாக்கம் ஏரி ஏறத்தாழ வறண்ட 2019 கோடை போன்ற நாட்களில் நீர்மட்டம் இறங்குவதால் நீர்மூழ்கி மோட்டார் தேவையாகிறது. அது கிளம்பாவிடின் குழாயோடு மேலே தூக்கச் செலவு மிகும். ஆனால் ஒருமுனை மோட்டாரின் கண்டென்சர் பெரும்பாலும் மேலேயுள்ள பெட்டியிலேயே இருக்கிறது. முதலில் அதனைச் சோதிக்கச் செய்து, பின்னரே மோட்டாரைத் தூக்குவது அறிவுடைமை.

மின்தொடர்பை நீக்கிய பின்னரும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதன் முனைகளைத் தொடாமல், சோதிப்பதையும் மாற்றுவதையும் பயிற்சி பெற்ற மின் பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். மாற்றும்போது பழையதில் பொறித்துள்ள மைக்ரோபாரட் அளவும் வோல்ட்டும் பொருந்துகின்றனவா என நோக்குக.

இங்கே கூட்டுறவு நமக்குக் கைகொடுக்கும். மோட்டாரின் குதிரைத்திறனையும் கண்டென்சரின் அளவையும் ஸ்டார்ட்டர் அருகே சுவரில் எழுதி வைப்போம். ஒரே அளவு மோட்டார் உள்ள நாலைந்து வீட்டார் கூடி ஒரு கண்டென்சரை வாங்கி வைத்தால், ஒருவர் வீட்டில் பழுது நேரும் நாளில் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சாயத் தொட்டியும் பாத்தியும் அன்றே நீர் பெறும்.