நீண்ட விடுமுறையும் நம் பிள்ளைகளின் படிப்பும்



விடுமுறை கழிந்து ஓதப்பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையிடம், முன்பு தடங்கலின்றி ஓதிய ஒரு சூராவைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு ஆயத்துகள் சரளமாக வரும். மூன்றாவதில் நா தடுமாறும். உஸ்தாது அதற்காகப் பிள்ளையை மந்தன் என்று சொல்வதில்லை. திரும்ப ஓதாததனால் வந்த குறை என்று அறிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓத வைப்பார். ஓதலில் நாம் நன்கறிந்த இவ்வுண்மையைப் பள்ளிக்கூடப் பாடங்களில் மட்டும் மறந்து விடுகிறோம்.

லகாட், மெங்லெம்பு, பத்து காஜா வட்டாரத்தில் இடைநிலைப் பள்ளியின் முதல் மூன்று படிவங்களில் பயிலும் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளை முன்னிட்டே இப்பாடம் எழுதப்படுகிறது. ஆண்டிறுதி விடுமுறையில் அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

மறதி எப்படி வருகிறது?

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் பாடம் நிலைக்கிறது என்று அவர் கண்டார்.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய துணைவர்களும் விடுமுறை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் ஒரு முடிவு கூறினார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள். வாசிப்பைவிடக் கணக்கிலேயே இழப்பு மிகுதி. வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சற்று முன்னேற, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இழப்பின் அளவைப் பற்றிப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியதுண்டு. நமது விடுமுறையும் அவ்வளவு நீளமன்று. எனினும், தொடாத கணக்கு கை நழுவும் என்பதை எந்த வீட்டிலும் காணலாம்.

இந்த வயதில் ஏன் கவனம்?

நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பிள்ளைகள் பலர். இடைநிலைப் பள்ளிக்குள் நுழைய இருந்த தேர்வு 1964இல் நீக்கப்பட்டது. அதன்பின் கதவு எல்லாருக்கும் திறந்தது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வு நீங்கியதால் பிள்ளையின் பாரம் குறைந்தது; ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குக் காட்டிய அளவுகோலும் போயிற்று. முன்பு கதவருகே தடுக்கப்பட்டார்கள். இப்போது உள்ளே உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரியாமல் பின்தங்குகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். வரும்போதுதான் நமக்குக் கண் திறக்கிறது. 

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இன்னொரு பாரமும் உண்டு. நேற்றுவரை "பின்னம்" என்று கற்றது இன்று வேறு பெயரில் வருகிறது. பாடம் தெரிந்தும் சொல் தெரியாமல் வாய் மூடியிருக்கும் பிள்ளையை மந்தன் என்று எண்ணிவிடலாகாது.

செய்யத்தக்கவை

ஒன்று: நாள்தோறும் இருபது நிமிடம் கணக்கு. சுபுஹுக்குப் பிறகு மனம் தெளிவாக இருக்கும் நேரம் உகந்தது. முடிந்த ஆண்டின் பயிற்சிப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து கணக்குகள் போதும். முதற் படிவத்துச் சமன்பாடு மறந்தால் இரண்டாம் படிவத்துச் சூத்திரங்கள் விளங்கமாட்டா. அந்த இருபது நிமிடமும் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும், நம்முடையதும்தான்.

இரண்டு: வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். நான்கு பேருக்கு 600 கிராம் அரிசி என்றால் பத்து விருந்தினருக்கு எவ்வளவு? ஒன்றரைக் கிலோ: இது விகிதம். ஒரே விலையுள்ள மூன்று முர்தபாவும் ஐந்து வெள்ளிக்குப் பானமும் சேர்ந்து 26 வெள்ளி என்றால் ஒரு முர்தபா என்ன விலை? ஏழு வெள்ளி: இது சமன்பாடு. ஜகாத்து இரண்டரை சதவீதம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. 60,000 வெள்ளிச் சேமிப்புக்கு 1,500 வெள்ளி. சதவீதமும் பின்னமும் ஒன்றே என்பதைப் பிள்ளை இங்கே கண்டுகொள்ளும்.

மூன்று: மும்மொழிச் சொல்லேடு. ஒரு கோடிட்ட புத்தகத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தி போடுங்கள். பின்னம், பெச்சாஹான், ஃபிராக்‌ஷன். சதவீதம், பெராத்துஸ், பெர்சென்ட். விகிதம், நிஸ்பா, ரேஷியோ. நாளுக்கு மூன்று சொல் எழுதினால் முப்பது நாளில் தொண்ணூறு. "நிஸ்பா" அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். "அல்ஜீப்ரா" என்பதும், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள "அல்ஜப்ர்" என்ற சொல்லிலிருந்து பிறந்ததே. ஓதப்பள்ளியில் அரபி எழுத்துக் கற்ற பிள்ளைக்கு இதைச் சொன்னால் பாடத்தின்மீது உரிமை பிறக்கும்.

நான்கு: தானே தேர்ந்த புத்தகம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர், ஏழைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்களே விரும்பி எடுத்த பன்னிரண்டு புத்தகங்களை மூன்று கோடைகளில் ஆண்டுதோறும் கொடுத்தார்கள். வாசிப்பு உயர்ந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். ஆகவே, ஈப்போ துன் ரசாக் நூல்நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். புத்தகத்தை நீங்கள் எடுக்காதீர்கள், அது எடுக்கட்டும். பந்தாட்டமோ மோட்டார் வண்டியோ, எதைப் பற்றியதானாலும் தகும்.

ஐந்து: ஊரே ஒரு பாடம். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகறிந்த ஈய பூமி. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982வரை உழைத்தது. எத்தனை ஆண்டு என்று பிள்ளை கணக்கிடட்டும். தம்பூன் குகையோவியங்கள் 1959இல் கண்டறியப்பட்டவை. திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து போய்வந்து, பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆனால் பழைய ஈயக்குட்டைகளில் இறங்க ஒருபோதும் விடாதீர்கள். கரை சரியும், ஆழம் தெரியாது.

ஆறு: கடையிலும் ஆலையிலும் நாளெல்லாம் உழைக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இத்தனைக்கும் நேரமேது? மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுப்பதே சிறந்த மீள்பாடம். இரவு உணவின்போது, "இன்று என்ன கணக்குப் போட்டாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் ஆள் ஒருவர் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

மற்ற நேரமெல்லாம் பிள்ளை விளையாடட்டும், தூங்கட்டும், உறவினர் வீடு போய்வரட்டும். விடுமுறையைப் பள்ளிக்கூடமாக்குவது நம் நோக்கமன்று.

வீட்டில் கலந்து பேச:

1. சென்ற விடுமுறைக்குப் பிறகு உங்கள் பிள்ளைக்குக் கடினமாயிருந்த பாடம் எது? பிள்ளையிடமே கேட்டீர்களா?
2. பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லையா, அல்லது அதன் மலாய்ச் சொல் மட்டும் தெரியவில்லையா?
3. உங்கள் வீட்டில் அந்த இருபது நிமிடம் எப்போது?

மூன்றாவது கேள்விக்கு இன்றிரவே விடை காணுங்கள்.