உடலுக்கேற்ற மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இதய நோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர் பலர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். வேலைக்கு மிதிவண்டியில் செல்லலாமா? செல்லலாமெனில் எந்த வண்டியை வாங்குவது?

முதற்கேள்விக்கு உங்கள் மருத்துவரே விடை கூற வேண்டும். அண்மையில் மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை அல்லது மூட்டு மாற்று சிகிச்சை நிகழ்ந்திருப்பினும், வலிப்போ அடிக்கடி தலைச்சுற்றலோ இருப்பினும், அவரது அனுமதி பெறும்வரை காத்திருங்கள். அனுமதி பெற்றவர்களுக்காக, இரண்டாம் கேள்வியை இங்கு விளக்குகிறோம்.

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பணியிடத்திற்குச் செல்ல 15 நிமிடம், திரும்ப 15 நிமிடம் என ஐந்து நாட்கள் மிதித்தாலே 150 நிமிடங்கள் நிறைவுறும்.

முதலில் இறங்கிப் பாருங்கள்

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் வேகத்தையும் தோற்றத்தையுமே கருதுகின்றனர். வண்டியிலிருந்து எளிதில் இறங்க முடிகிறதா என்பதையே முதலில் சோதிக்குமாறு நாங்கள் கூறுகிறோம். நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ சர்க்கரை அளவு தாழ்ந்து கண் மங்கினாலோ, அக்கணமே நின்று காலைத் தரையில் ஊன்ற வேண்டும். குறுக்குக் கம்பி உயர்ந்த வண்டியில் காலைப் பின்புறமாகச் சுழற்றியே இறங்க இயலும். முழங்கால் விறைப்பும் சமநிலைக் குறைவும் உடையோருக்கு இது இடர் தரும்.

கம்பி தாழ்ந்த வண்டியைக் கடைகளில் 'லேடீஸ் சைக்கிள்' என்பர். அப்பெயரைக் கேட்டு ஆண்கள் தயங்க வேண்டியதில்லை. வலப்புறமும் இடப்புறமும் ஐந்து முறையேனும் ஏறி இறங்கிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

எந்த வகை?

கியர் இல்லாத பழைய வகைக் கனத்த வண்டி, சமதளமான ஊரில் குறுந்தொலைவுக்குப் போதும். மேம்பாலத்தில் இதயத்தையும் முழங்காலையும் வருத்தும். தடித்த டயர்களையுடைய மலைப்பாதை வண்டி, தார்ச்சாலையில் உழைப்பை வீணாக்கும். முன்குனிந்து ஓட்டும் பந்தய வண்டி கழுத்துக்கும் முதுகுக்கும் சுமையாகும்.

அன்றாடப் பயணம், வார இறுதி நெடும்பயணம் ஆகிய இரண்டிற்கும் 'ஹைபிரிட்' எனப்படும் வகை பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஏறத்தாழ நிமிர்ந்து அமரலாம். 35 முதல் 40 மி.மீ. அகல டயர்கள் குழிகளின் அதிர்வைத் தாங்கும். இவ்வகையிலும் கம்பி தாழ்ந்தவை கிடைக்கின்றன. மட்கார்டும் கேரியரும் பொருத்த இடமுள்ளதா எனக் கேளுங்கள். பையை முதுகில் சுமப்பதினும் கேரியரில் கட்டுவது நன்று. மேடு வருமுன் இலகுவான கியருக்கு மாற்றி, அழுத்தி மிதிக்காமல் விரைந்து மிதிக்கப் பழகுங்கள்.

இருக்கையும் கைப்பிடியும்

மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறமும், உயர்ந்தால் பின்புறமும் வலிக்கும். இறங்க அஞ்சுவோர் முதலிரு வாரங்கள் சற்றுத் தாழ்வாக வைத்து, பின் சிறிது சிறிதாக உயர்த்தலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கைப்பிடியை உயர்த்தி, பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

நோய்க்கேற்ற கவனம்

* இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் நாடித்துடிப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஓட்டும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.
* இன்சுலின் போட்டுக்கொள்வோர் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்த்து, குளுக்கோஸை உடன் வைத்திருங்கள். தொடையில் ஊசி போட்டதும் மிதித்தால் மருந்து விரைவில் உடலிற் சேரும். நெடும்பயணத்திற்குப் பின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும்.
* பாதத்தில் உணர்வு குறைந்தோர் செருப்பைத் தவிர்த்து, மூடிய காலணி அணிந்து, திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.
* தலைக்கவசம் அனைவருக்கும் தேவை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.
* நெஞ்சுவலி தோன்றினால் இறங்கி அமர்ந்து, 108-ஐ அழையுங்கள். வலி தணிந்துவிட்டதெனத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

குடும்பத்தாருக்கு

முதலிரு வாரங்கள் ஒருவர் உடன் செல்வது நலம். வாரம் ஒருமுறை பிரேக்கையும் சங்கிலியையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவை மீறாமல் காற்றடியுங்கள். நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டை ஓட்டுபவரின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

வார இறுதிப் பயணத்தின் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். களைப்பு தோன்றிய இடத்திலிருந்தும் வீடு திரும்பும் தொலைவை மிதித்தே கடக்க வேண்டும்; ஆகவே களைப்பு வருமுன்னரே வண்டியைத் திருப்புங்கள்.