அளந்து வாங்குவோம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது தமிழர் வழங்கும் பழமொழி. வீட்டிற்குக் கணினித் திரை வாங்கும்போதும் இஃது உதவும்.

பெங்களூருவில் நகர மண்டபத்திற்கு அருகே சாதர் பத்ரப்பா சாலை உள்ளது. மக்கள் அதனை எஸ்.பி. ரோடு என்பர். கணினி உறுப்புகளையும் மின்னணுப் பொருள்களையும் விற்கும் சிறு கடைகள் அங்கு நெருங்கி நிற்கின்றன. புதிய பொருள்களுடன் பழையனவும் அங்குக் கிடைக்கும். கடைதோறும் அடுக்கி வைத்துள்ள மானிட்டர்கள் அனைத்தும் பளிச்சென ஒளிரும். ஆனால், பளிச்சென்று தெரிவதெல்லாம் ஒரு வீட்டின் தேவைக்குப் பொருந்திவிடாது.

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்று பரவியபோது பெங்களூருவின் பல வீடுகள் அலுவலகங்களாக மாறின. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பணிபுரிவோர் இன்றும் பலர். பகலில் தாயோ தந்தையோ பணிபுரியும் அதே திரையில் மாலையில் பிள்ளைகள் விளையாட விரும்புவர். தேவை இரண்டு, கையில் உள்ள பணமோ ஒன்றுக்கே போதும். எதற்கு முதலிடம் தருவது?

நாள்தோறும் எட்டு மணிநேரம் எழுத்துகளைப் படிக்கும் கண்களுக்கே முதலிடம் தர வேண்டும். ஒரு மணிநேர விளையாட்டு அதற்கு அடுத்ததே.

எழுத்துத் தெளிவு

திரையின் அளவை மூலைக்கு மூலை அங்குலத்தில் கூறுவர். திரையில் தோன்றும் உருவம் சிறு புள்ளிகளால் ஆனது. அப்புள்ளிகளுக்குப் பிக்சல் என்று பெயர். குறுக்கே 1920, நெடுக்கே 1080 என அமைந்த திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கும். 24 அங்குலத் திரையில் இவை நெருக்கமாக அமைவதால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் புள்ளிகள் பெரிதாகி, எழுத்தின் ஓரங்கள் சொரசொரப்பாகத் தோன்றும். எனவே, சிக்கனமாக வாங்குவோர் பெரிய திரையை விடத் தெளிவான திரையையே நாட வேண்டும்.

திரையின் வகையும் கருதத்தக்கது. ஐ.பி.எஸ். வகையை எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாது. வி.ஏ. வகையில் கருமை ஆழமாகத் தெரியும். ஆயினும், விலை குறைந்த சிலவற்றில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது நிழல்போல் இழுபடும். டி.என். வகை விரைவானது, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்கும்.

விளையாட்டின் வேகம்

ஒரு நொடியில் திரை எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். செருமானிய இயற்பியலாளர் ஹென்றிச் ஹெர்ட்ஸின் பெயரால் அமைந்த அலகு இது. அலுவலகப் பணிக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். விரைந்து ஓடும் விளையாட்டுகளுக்கு 100 அல்லது 144 ஹெர்ட்ஸ் இருந்தால் அசைவுகள் தடையின்றித் தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். படங்களை உருவாக்குவது கணினி. காட்டுவது மட்டுமே திரை. கணினி நொடிக்கு 50 படங்களையே உருவாக்குமானால், 144 ஹெர்ட்ஸ் திரையிலும் 50 புதிய படங்களே தோன்றும். சிறிய குழாயில் வரும் நீர், வாளியைப் பெரிதாக்கினால் விரைந்து வருமா? ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வீட்டுக் கணினியின் திறனையும், அதிலுள்ள இணைப்புத் துளைகளின் வகையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

திரையை இயக்கச் சொல்லி, முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் காட்டச் செய்து, செயலிழந்த புள்ளிகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு பக்கத்தைத் திறந்து, சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. உயரத்தை மாற்ற இயலாத தாங்கி எனில், திரையின் அடியில் உறுதியான பலகையை வைத்து, அதன் மேல்விளிம்பைக் கண்மட்டத்திற்குக் கொண்டுவரலாம். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

32 அங்குலம் வரையுள்ள திரைகளுக்கு 2019 சனவரி 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாக உள்ளது. சொல்லப்படும் விலையில் வரி சேர்ந்துள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். இரசீது இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்கினால், பழுது நேரும்போது உத்தரவாதத்தைக் கோருவது கடினம். அன்று மிச்சமான தொகை, பின்னர் முழு இழப்பாகிவிடும்.

சொற்பொருள்

அலகு – அளவிடும் முறைக்கான அடிப்படை அளவு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் கணக்கு
சிக்கனம் – அளவறிந்து செலவு செய்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பழமொழி, மின்னணு.
2. 24 அங்குலத் திரையில் எழுத்துகள் தெளிவாகத் தெரிவது ஏன்?
3. வரி சேராத விலை 8,000 ரூபாய் எனில், 18 விழுக்காடு வரியுடன் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு?
4. உங்கள் வீட்டில் திரையை மிகுதியாகப் பயன்படுத்துபவர் யார்? அவரிடம் பேசி, அவருடைய தேவைகளை ஐந்து தொடர்களில் எழுதுக.